இருபத்து மூன்றாம் நடை

என் தங்கை குடியிருப்பது நகரத்தின் ஓரத்தில், பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில். ஆறு மாடிக் கட்டடங்கள் நாலைந்து, ஒரு மருந்துக்கடை, பூட்டியே கிடக்கும் ஒரு சமூகக் கூடம், ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டினால் வயல்தான். அங்கே போக பஸ்ஸுக்குக்கூட மனசு வருவதில்லை, திரும்பிக்கொள்கிறது.

இந்த முறை என்னை அழைத்தது தங்கை இல்லை, அவள் கணவர். போனிலேயே குரல் துள்ளியது.

"மச்சான், வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரணும். எங்க ஆளுங்க பதினாலு பேர் உங்க கூட நடக்கறதுக்குப் பேர் குடுத்திருக்காங்க. உங்க புத்தகத்துல இருபத்து மூணாம் நடை இருக்கே, எங்க தொட்டிகிட்ட ஆரம்பிக்குதே, அது."

அந்த ஞாயிறு வேறு வேலை இருக்கிறது என்று தப்பிக்கப் பார்த்தேன், பலிக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வாரப் பத்திரிகையில் 'காலாற ஒரு காலை' என்று ஒரு பத்தி எழுதுகிறேன். நகரத்தைச் சுற்றியுள்ள கிராமப் பக்கங்களில் எங்கே நடக்கலாம், எந்த வரப்பில் திரும்பலாம், எங்கே உட்கார்ந்து பெருமூச்சு விடலாம் என்று சொல்லும் பத்தி. முதல் ஆறு நடைகளை நிஜமாகவே நடந்தேன். ஏழாவது வாரம் மழை. வீட்டிலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து, வயலுக்கு நடுவே தெரிந்த ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து நடந்தேன். கால் வலிக்கவில்லை, சேறு ஒட்டவில்லை, நாய் துரத்தவில்லை. வாசகர்களோ வழக்கத்தைவிட அதிகமாகப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அதற்கப்புறம் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? நாற்பது நடைகள் புத்தகமாக வந்தபோது முப்பத்து நாலு நாற்காலியில் நடந்தவை.

இருபத்து மூன்று அவற்றில் ஒன்று.

சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். பஸ்ஸிலிருந்தே கொஞ்சம் நொண்ட ஆரம்பித்திருந்தேன்.

"முழங்கால் ஒரு மாதிரி பிடிச்சிக்கிட்டு இருக்கு. நாளைக்கு நடக்க முடியுமான்னு தெரியல" என்றேன் தங்கையிடம், அடுப்படியில் நின்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பரீட்சை அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளும்போது பார்த்த அதே பார்வை.

"எந்த முழங்கால்?"

"இடது."

"வரும்போது வலது காலைத்தானே இழுத்துக்கிட்டு வந்த?" தேநீரை வடிகட்டி என் கையில் கொடுத்தாள். "அண்ணா, விளையாடாத. இந்தக் குடியிருப்புல அவருக்குப் பேரு என்ன தெரியுமா? லிஃப்ட்டு. லிஃப்ட் மெக்கானிக்குன்னுகூட இல்ல. 'லிஃப்ட்டைக் கூப்பிடு', 'லிஃப்ட்டு வீட்ல இருக்கா?' சாப்பிட உட்கார்ந்தா கதவைத் தட்டுவாங்க. மூணாவது மாடில ஒருத்தர் மாட்டிக்கிட்டார்னா கைய கழுவிட்டு ஓடணும். பண்டிகை நாள்ல ஒரு வணக்கம் கிடையாது. உன் புத்தகம் வந்ததுக்கு அப்புறம்தான் 'எழுத்தாளரோட மாப்பிள்ளை'ன்னு நாலு பேர் நின்னு பேசறாங்க. ரெண்டு மாசமா மனுஷன் நிமிந்து நடக்கறார். நாளைக்கு நீ வரலன்னா, பழையபடி லிஃப்ட்டுதான்."

என் முழங்கால் அந்த நிமிஷமே குணமாகிவிட்டது.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொட்டியடியில் கூடினோம். குடியிருப்போர் சங்கத் தலைவர் விசிலுடன் வந்திருந்தார். புள்ளியியல் துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்ற செய்தி மட்டும் இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை, நீட்டி மடக்கும் கைத்தடி, கழுத்தில் பைனாகுலர். எல்லாரையும் இரண்டு வரிசையாக நிறுத்தி எண்ணினார். பதிமூன்று வந்தது. திரும்ப எண்ணினார். மறுபடி பதிமூன்று. அவர் தன்னையே எண்ணாமல் விட்டதை ஒரு அம்மாள் எடுத்துச் சொன்னதும், "அதைத்தான் நானும் சோதிச்சுப் பாத்தேன், யாராவது கவனிக்கறீங்களான்னு" என்றார்.

என்னைப் பேசச் சொன்னார். இயற்கை, மூச்சு, மண் என்று மூன்று நிமிஷம் பேசினேன். இந்த மாதிரிப் பேச்சு எனக்குத் தடங்கலில்லாமல் வரும். மாப்பிள்ளை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டியிருந்தார். அந்தப் புழுக்கத்தில் ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அவருடைய சட்டையைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. என் தோல் உரியாமல் தப்ப வேண்டுமே என்ற கவலையில் இருந்தேன்.

"வழி மாப்பிள்ளை காட்டட்டும், அவருக்குத் தெரிஞ்ச இடம். நான் பின்னாலேர்ந்து எல்லாரையும் பாத்துக்கறேன்" என்றேன். பெருந்தன்மை மாதிரி இருந்தது, எல்லாரும் தலையாட்டினார்கள்.

தொட்டியைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் மண் பாதை இரண்டாகப் பிரிந்தது. தலைவர் என் புத்தகத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். "'இங்கே இடது பக்கம் திரும்புங்கள். ஒற்றையடிப் பாதை ஒன்று உங்கள் கையைப் பிடித்து, நீலம் ததும்பும் ஒரு குளத்தின் கரைக்கு அழைத்துச் செல்லும்.' ஆகா. இடது."

"வலது பக்கம் போலாம் சார்" என்றார் மாப்பிள்ளை.

"இடதுன்னு அச்சுல இருக்கே?"

"இது சுத்தி வந்து அங்கதான் சேரும் சார். நிழலா இருக்கும்."

வலது பக்கம் போனோம். எனக்கு இடதும் ஒன்றுதான், வலதும் ஒன்றுதான், இரண்டையும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வழி நன்றாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. ஓடையை ஒட்டி வரப்பு போனது. தண்ணீர் குறைவாக ஓடினாலும் சத்தம் இருந்தது. கரையில் வரிசையாக உயர்ந்த மரங்கள். எண்ணிக்கையைத் திருத்திய அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார். "இவ்வளவு வருஷமா இங்க இருக்கேன், இப்படி ஒண்ணு இருக்கறது தெரியாதே" என்றார். மாப்பிள்ளையின் முகம் அப்போது மலர்ந்ததைப் பார்த்தேன்.

தலைவருக்கு மட்டும் திருப்தியில்லை. அவர் ஓடையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "கரை வரணும். வரல. கரைமேல கல் பலகை ஒண்ணு கிடக்கணும், 'நூறு வருஷக் களைப்பு அதில் உட்கார்ந்திருக்கிறது'ன்னு போட்டிருக்கார். அதுவும் காணோம்."

ஒரு மணி நேரம் கழித்து விசிலடித்து எல்லாரையும் நிறுத்தினார். எதிரே ஒரு பெண் புல் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். "ஏம்மா, நீலக் குளத்துக்கு எப்படிப் போகணும்?"

அவள் கட்டை இறக்காமலேயே யோசித்தாள். "குளமா? இங்க ஏதுங்க குளம்? அந்தப் பக்கம் இருக்கறது..."

"தப்பு என்னோடது சார்" என்று மாப்பிள்ளை குறுக்கே புகுந்தார். அந்தப் பெண் பேசியதை அமுக்குகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "நான்தான் குழப்பிட்டேன். மச்சான் இடதுன்னு சரியாத்தான் எழுதியிருக்கார். குறுக்கு வழின்னு நெனச்சு நான் மாத்திட்டேன். இனிமே அங்க போனா வெயில் ஏறிடும். இன்னொரு நாள் போலாம்."

புல்காரப் பெண் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்துவிட்டாள்.

தலைவர் கைத்தடியை மண்ணில் ஊன்றினார். "பாருங்க. இவ்வளவு பெரிய எழுத்தாளர் வந்திருக்கார். பதினாலு பேர் காலைத் தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கோம். எழுதி வெச்ச வழியில கூட்டிட்டுப் போகத் தெரியல உங்களுக்கு." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நம்ம தப்பும் இருக்கு. மேல கீழ மட்டும் தெரிஞ்சவர்கிட்ட போய் இடது வலது கேட்டோம் பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

பெரிய சிரிப்பு இல்லை. 'ஹ' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மற்றவர்கள் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று வந்த சிரிப்பு. தப்பித்தோம் என்ற நிம்மதியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பார்த்ததற்காக அவர்தான் கூச்சப்பட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முன்னால் தனியாக நடந்தார். நான் பின்னால் இரண்டு புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளியலறையில் சட்டைக் கையை மடித்து முகம் கழுவினார். இரண்டு முன்னங்கைகளிலும் முழங்கைவரை முள் கீறல்கள். சில இன்னும் சிவப்பாக இருந்தன.

"என்ன மாப்பிள்ளை இது?"

கதவை லேசாகச் சாத்திவிட்டு, குழாயை மூடாமலேயே பேசினார். தங்கைக்குக் கேட்கக்கூடாது என்று.

"வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வழியைப் பாத்துட்டு வரலாம்னு போனேன் மச்சான். ஞாயித்துக்கிழமை நீங்க தேட வேணாமேன்னு. இடது பக்கம் கொஞ்ச தூரம் வண்டித்தடம் இருக்கு. அப்புறம் முள்ளு. சரி, புதர் மண்டியிருக்கும், வெட்டி விட்டுடலாம்னு அருவா எடுத்துட்டுப் போய் உள்ள நுழைஞ்சேன். அந்தப் பக்கம் கல் குவாரி. நம்ம கட்டடத்தை நிக்க வெச்சா மொட்டை மாடிதான் வெளிய தெரியும், அவ்வளவு ஆழம். கீழ மழைத்தண்ணி நீலமா நிக்குது."

நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"ஒருவேளை இடம் மாறிப் போயிட்டேனோன்னு அந்த வரைபடத்தை நானும் எடுத்துப் பாத்தேன். புள்ளி புள்ளியா ஒரு கோடு, குவாரிக்கு நட்ட நடுவுல போகுது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் முன்னாடி நில அளவைல இருந்தவர். அவர்கிட்டக் காட்டினேன்." கொஞ்சம் தயங்கினார். "அது நகராட்சி எல்லை மச்சான். பாதை இல்ல."

அந்த எல்லையைத்தான் நான் ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். அதன் மேல் சருகுகள் நொறுங்கின. அதன் ஓரத்தில் பெயர் தெரியாத பூக்கள் பூத்திருந்தன.

"ஏன் மாப்பிள்ளை எனக்கு ஒரு போன் பண்ணல?"

"பண்ணி என்னன்னு கேக்கறது மச்சான்?" என்றார். கோபமே இல்லை, நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டார். "அதான் நேத்துக் காலைல வலது பக்கம் போய்ப் பாத்தேன். ஓடை நல்லா இருந்துச்சு. எல்லாருக்கும் பிடிக்கும்னு நெனச்சேன்."

வெளியே காலிங்பெல் அடித்தது. "லிஃப்ட்டு இருக்கா? நாலாவது மாடில கதவு மூடல" என்று ஒரு குரல். 'எழுத்தாளரோட மாப்பிள்ளை' இல்லை. ரெண்டு மாச மரியாதை அரை நாளில் போய்விட்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தச் சின்னச் சிரிப்பு நெஞ்சுக்குள் முள்ளாகச் சிக்கியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்த தலைவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் நாற்காலியில் கால் நீட்டி, பாதங்களை வெந்நீரில் வைத்திருந்தார். "வாங்க, வாங்க!" எழ முயன்று தண்ணீரைக் கொட்டினார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்ல வந்தேன். அந்த இருபத்து மூணாம் நடை, நான் நடந்ததே இல்ல. அப்படி ஒரு பாதையும் இல்ல. வரைபடத்துல பாத்து எழுதினேன். அது நகராட்சி எல்லைக்கோடு. நான் குளம்னு எழுதினது கல் குவாரி. மாப்பிள்ளை முன்னாலேயே போய்ப் பாத்துட்டு, உங்களையெல்லாம் பத்திரமா வேற வழில கூட்டிட்டுப் போனார். என் மானத்தைக் காப்பாத்தப் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார்."

இதைச் சொல்ல வாழ்நாள் முழுதுக்குமான தைரியம் செலவானது.

தலைவர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

"என்ன மனசு சார் உங்களுக்கு!" என்றார். "மாப்பிள்ளைக்கு ஒரு தலைகுனிவுன்னதும் எழுதினதே பொய்னு சொல்லத் துணிஞ்சுட்டீங்களே!"

"இல்ல சார். நிஜமாவே..."

"விடுங்க சார். நான் முப்பத்தஞ்சு வருஷம் தகவல் சரிபாத்தவன். என்கிட்டயா?" புத்தகத்தை எடுத்துத் திறந்தார். "'காலடியில் சருகுகள் நொறுங்கும் ஓசை, யாரோ ரகசியம் சொல்வது போல் இருக்கிறது.' நடக்காத ஆளால இந்த வரியை எழுத முடியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கொஞ்சம், ஒரு துளி, மனசு குளிர்ந்தது. நல்ல வரிதானே என்று தோன்றியது.

மறுபடி மறுத்தேன். இரண்டு தடவை, மூன்று தடவை. மறுக்க மறுக்க நான் அவர் கண்ணில் உயர்ந்துகொண்டே போனேன். அடுத்த மாதம் சங்க ஆண்டுக் கூட்டத்துக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்தார். வாசல்வரை ஈரப் பாதங்களோடு வந்து வழியனுப்பினார்.

"உங்களுக்காக ஒண்ணு சொல்றேன் சார். காலைல நடந்ததை நாங்க மனசுல வெச்சுக்கல. அவரை மன்னிச்சுட்டோம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடுங்க."

படிக்கட்டில் இறங்கினேன். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குழிக்குள் பாதி உடம்பை விட்டு மாப்பிள்ளை வேலை செய்துகொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அல்லது குழாய்த் தண்ணீர் நினைத்த அளவுக்குச் சத்தமாக ஓடவில்லை.

"எங்க போயிட்டு வர?" என்றாள்.

"தலைவர் வீட்டுக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

பொய் சொல்லியிருக்கலாம். அதில் எனக்குப் பழக்கமும் உண்டு. ஆனால் குழிக்குள்ளிருந்து மாப்பிள்ளை தலையை வெளியே எடுத்து, நெற்றியில் கிரீஸோடு, ஆவலாக என்னைப் பார்த்தார்.

"நம்பல" என்றேன். "உங்களை மன்னிச்சுட்டதாச் சொல்லச் சொன்னார்."

மாப்பிள்ளை நெற்றிக் கிரீஸைப் புறங்கையால் துடைத்தார். பிறகு, "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே குனிந்தார். ஸ்பானர் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

தங்கை டார்ச்சை நகர்த்தவில்லை. "அண்ணா, நாலரை மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள்.