சூனிம் கையில் சிகரெட்

மின் பியோங்மு என் ஓவியக்கூடத்தில், நான் வரைந்த படத்தின் முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தென்கொரியாவின் இஞ்சன் நகரில் புதிதாகக் கட்டிய தொழிலாளர் போராட்ட நினைவு மண்டபத்துக்கு அவர்தான் இயக்குநர்.

"எல்லாம் பிரமாதம்மா. அந்த சிகரெட்டை மட்டும் அழிச்சிட்டு ஒரு பூ வச்சிடுங்களேன். போராளிகளோட தாய் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைங்கள்லாம் வருவாங்க."

ஓவியத்தில் இருப்பவள் சூனிம். நூற்பாலையில் சங்கம் கட்டியவள், யாருக்கும் தாயில்லை. 1985இல் இதே படத்தை என் கண்காட்சியில் மாட்டியிருந்தேன். பொம்பளை புகைப்பது நாட்டுக்கே அவமானம் என்று ஒரு போலீஸ்காரன் அந்த விரல்களைக் கத்தியால் கிழித்தான். என்னைப் பதினொரு மாதம் உள்ளே போட்டு, தலையைக் குனிந்தே நடக்க வைத்தார்கள். வெளியே வந்ததும் கிழிசலை ஒட்டி, விரல்களை முன்பைவிடத் தடிமனாக வரைந்தேன். அதன்பின் என் படத்தில் எந்தப் பெண்ணும் குனிந்ததில்லை.

"தம்பி, அவன் கத்தியோட வந்தான், நீ பூவோட வந்திருக்க. அவனாவது தன்னைப் போராளின்னு சொல்லிக்கல" என்றேன்.

"நானும் அன்னைக்குத் தெருவுல நின்னவன்மா!"

"நின்ன, நின்ன. சூனிம் ஆக்கிப் போட்டதைத் தின்னுட்டு நின்ன."

மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது. தன் முகம் மண்டபத்துச் சுவரில் ஏறுமா என்று தெரிந்துகொள்ள, கஞ்சிக் கடையைச் சாத்திவிட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள் சூனிம். எழுபத்தாறு வயது. எழுந்து வந்து ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தாள்.

"தம்பி, நெருப்பு இருக்கா?"

மூத்தவர்கள் முன்னால் தன் சிகரெட்டை வெளியே எடுக்காத, அவர்களுக்கு எதையும் இரு கையாலும் குனிந்தே கொடுக்கிற வளர்ப்பு அவருக்கு. கை தானாகப் பைக்குள் போனது. வலது கையில் லைட்டர், அதைத் தாங்கி இடது கை, இடுப்பை வளைத்துப் பற்றவைத்தார்.

"அப்படியே நில்லு," என்று பென்சிலை எடுத்தேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"என் படத்துல குனியறதுக்கு ஆளே இல்லாம இருந்துச்சு."

அவர் முகம் சிவந்தது. "இதை நான் மண்டபத்துல மாட்டவே மாட்டேன்."

சூனிம் நிதானமாகப் புகையை விட்டாள். "மாட்டாதே. பூவை வச்சுக்கிட்டு உன் சுவத்துல தொங்கறதுக்குப் பதிலா, என் கடைச் சுவரே போதும்."

படம் இப்போது கஞ்சிக் கடையில் இருக்கிறது. சிகரெட் நுனியில் புதிதாக லைட்டர் நீட்டும் இரண்டு கைகள், குனிந்த தோள், கோட்டுக் காலரில் மண்டபத்துப் பித்தளைச் சின்னம்.

"யார் கை அக்கா அது?" என்று சாப்பிட வருகிற பெண்கள் கேட்பார்கள்.

"இயக்குநர் கைடி. அழிக்க வந்துச்சு, பத்தவச்சிட்டுப் போச்சு."