பல்கீஸின் பத்து விரல்கள்

பிரதேச செயலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் பல்கீஸ் நான்காவது தடவையாகப் பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்க உம்மா,” என்றான் கைரேகை எடுக்கும் உத்தியோகத்தர் லாபிர்.

அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாமல் நிற்க அவள் ஐந்து நாடுகளில் பழகியவள்.

“ரேகையே இல்லையே. என்ன வேலை செஞ்சீங்க?”

பல்கீஸ் வாயைத் திறக்குமுன் மகள் ஷிஃபானா முந்திக்கொண்டாள். “இருவத்தஞ்சு வருஷம் ஊரான் வீட்டுக் கக்கூஸ் கழுவினவங்க. குளோரின் குடிச்சது போக மிச்சம் இருந்தா எடுங்க.”

சிரிக்கலாமா கூடாதா என்று லாபிருக்கு விளங்கவில்லை. “ரெண்டு கிழமை தேங்காயெண்ணெய் பூசுங்க. சவுக்காரம் தொட வேணாம். அப்பவும் விழல்லெண்டா டொக்டர்ட கடிதத்தோட அனுப்பலாம். பாஸ்போட் எப்பிடியும் வரும்.”

கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோ ஏறும்போது ஷிஃபானா தாயின் கையைத் தன் மடியில் வைத்து விரல்களைப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். வேலை கிடைத்ததும், “எங்க போக விருப்பம், சொல்லுங்க உம்மா,” என்று கேட்டாள். மக்காவுக்கு உம்றாப் பயணம் என்றாள் பல்கீஸ். வாழ்க்கையில் அவளாகக் கேட்ட ஒரே பயணம் அது. கேட்டபிறகுதான் தன் விரல்கள் ஞாபகம் வந்தன.

ஐந்து நாடு என்றால் சிலர் வாயைப் பிளப்பார்கள். பல்கீஸ் அதையெல்லாம் நேற்றுச் சமைத்த கறியைச் சொல்வதுபோலச் சொல்வாள். குவைத்தில் சண்டை வந்த அன்று எசமானின் சட்டைக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையையே தலையில் போட்டுக்கொண்டு, செம்மறி ஏற்றிய லொறியில் பாலைவனம் தாண்டி ஜோர்தான் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். துபாயில் இருபத்திரண்டாம் மாடி; கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. லெபனானில் குண்டு விழுந்தபோது வீட்டுக்காரர் காரில் ஏறிப் போய்விட்டார்கள். இவளையும் நாயையும் விட்டுவிட்டு, சாவியையும் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிரித்து முதலில் நாயை வெளியே விட்டாள். பிறகு தானும் இறங்கினாள்.

“சவூதி?” என்று கேட்டால், “நல்லா இருந்தன்,” என்பாள். அதற்கு மேல் கதை இல்லை.

செயலகம் போய்வந்த பிறகு தினமும் காலையில் ஷிஃபானா தாயின் பத்து விரல்களுக்கும் எண்ணெய் தேய்த்தாள். பாத்திரம் எல்லாவற்றையும் தானே கழுவி வைத்துவிட்டுக் கந்தோர் வேலைக்குப் போனாள். கேற் சாத்தும் சத்தம் கேட்டதும் பல்கீஸ் எழும்பிக் கிணற்றடிக்குப் போவாள். சாம்பலும் தேங்காய்த் தும்பும் எடுத்து, கழுவிய சட்டியை மறுபடியும் உரசுவாள். சட்டி மினுங்கியதும் கிணற்றுக் கட்டில் விரல்களை வைத்துத் தேய்ப்பாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஷிஃபானா மறந்துபோன ஃபைலை எடுக்கத் திரும்பி வந்தாள். கிணற்றடியில் நின்றாள்.

“உங்களுக்கென்ன விசரா உம்மா? நான் எண்ணெய் பூசுறன், நீங்க சீமெந்தில தேய்க்கிறீங்க.”

பல்கீஸ் தும்பைக் கீழே வைத்தாள். “சவூதியில என்ட கை ஏற்கனவே இரிக்கு மகள்.”

“என்ன கை?”

“நான் பல்கீஸா போகல்ல. எனக்கு வயசு கூடிப்போச்செண்டு ஏஜென்சிக்காரன் உன்ட இளைய மாமி நஜ்முன் நிஸாட பேரில அனுப்பினான். அந்த வீட்டில ஒரு வருஷம் கதவு திறக்கல்ல. தண்ணிக் குழாயைப் பிடிச்சு இறங்கினன்.”

“அப்ப அந்தக் கால் தழும்பு? படியில விழுந்தன் எண்டீங்க.”

“படி இருந்தா நான் ஏன் குழாயில இறங்குறன்? பொலிஸ் பிடிச்சு நாலு மாசம் அடைச்சு வெச்சாங்க. பத்து விரலையும் கண்ணாடியில வெச்சு எடுத்தாங்க. இனி இந்த நாட்டுக்கு வரப்படாது எண்டு சொல்லி ஏத்தி விட்டாங்க. ஜித்தா எயார்போட்டில விரலை வெச்சா, வாறது நஜ்முன் நிஸா.”

“மாமி மௌத்தாகி, அடக்கி அஞ்சு வருஷம்.”

“அதான். மௌத்தானவ உம்றாவுக்கு வந்தா விடுவாங்களா?”

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஷிஃபானா கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. அது யார் மீது என்று சொல்லத் தொடங்கினால் பட்டியல் நீளும். உம்மாவை அனுப்பிவிட்டு ஊரில் இருந்த வாப்பாவும் அதில் வருவார்.

“அப்ப நான் ஓ எல் படிச்சுக்கொண்டு இருந்தன். எனக்கு ஏன் சொல்லல்ல?”

“உனக்குச் சோதினை. ஒரு வருஷம் அந்த வீட்டு டீவியில கஃபாவைக் காட்டுவாங்க, நான் உடுப்பு மடிப்பன். அம்மட்டுக் கிட்ட இருந்தும் போகல்ல.” பல்கீஸ் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். “உம்றாவுக்கு ஆள் கூட்டிப் போற ஹிஸ்புல்லா ஹாஜியார் சொன்னார், போன வருஷம் அவர்ட குழுவில மூணு கிழடுகளுக்கு ரேகை விழல்லயாம். மெசினுக்குள்ள ஒண்டும் வரல்ல, உள்ள விட்டுட்டாங்களாம்.”

“அதுக்குத்தானா இது?”

“ஓம்.”

ஷிஃபானா ஃபைலை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள்.

அடுத்த நாள் காலை அவள் எண்ணெய்ப் போத்தலைத் தொடவில்லை, பாத்திரமும் கழுவவில்லை. பல்கீஸ் கிணற்றடிக்குப் போனபோது, வீட்டில் இருந்த அத்தனை கரிச் சட்டிகளும் அங்கே அடுக்கி இருந்தன. பக்கத்தில் ஒரு சிரட்டை நிறையச் சாம்பல், புதுத் தும்பு, சொரசொரப்பான ஒரு செங்கல் துண்டு.

“டொக்டர்ட கடிதத்துக்கு நான் கதைக்கிறன்,” என்றாள் ஷிஃபானா, செருப்பை மாட்டியபடி. “நீங்க உங்கட வேலையைப் பாருங்க.”

கேற் சாத்தும் சத்தம் கேட்டது. பல்கீஸ் விரல்களை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இடது கைச் சின்ன விரலில் மட்டும் இன்னும் இரண்டு கோடு மிச்சம் இருந்தது.

செங்கல் துண்டை எடுத்தாள். அந்த விரலில் இருந்து தொடங்கினாள்.