ஆளில்லை என்று சொன்ன அறை

ரோச்செஸ்டர் நகரத்துக் காது கேளாதவர்களிடையே ஸ்டீக்லர் குடும்பம் என்றால் ஒரு மதிப்பு உண்டு. மூன்று தலைமுறையாகக் கட்டட வரைபடம் போடுகிறவர்கள். அந்தக் குடும்பத்து வெர்னா, பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்ளும் அலுவலகத் தளத்தின் கூட்ட அறையில் நின்று, காது கேளாதோர் பள்ளியின் புதுக் கட்டடத்தைச் சைகை மொழியில் விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் விளக்கு அணைந்தது. சுவர்த்திரையும் அணைந்தது.

இருட்டில் கை தெரியாது. கை தெரியாவிட்டால் பேச்சே இல்லை. யாரோ வாயைப் பொத்தியது போலிருந்தது வெர்னாவுக்கு. எதிரே பள்ளிக் குழுத் தலைவர் ப்ரூயிட்டும் இரண்டு உறுப்பினர்களும். இன்று அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேலை கை நழுவிவிடும்.

கதவு திறந்தது. காப்பிக் கோப்பைகளோடு நாலைந்து பேர் நுழைந்தார்கள். பின்னால் தள மேலாளர் கோரி.

"அறை காலின்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு மேடம். அதான் அதுவே இவங்களுக்குக் கொடுத்துடுச்சு."

காது கேட்கும் லீடா, வெர்னாவின் மகள், நடைபாதை வெளிச்சத்தில் அதைக் கையால் சொன்னாள்.

"காலியா?" என்று வெர்னா கையால் கேட்டார். "அஞ்சு பேர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கோமே!"

"இந்த அறை குரலைத்தான் கவனிக்கும். சத்தம் வரலேன்னா ஆளில்லேன்னு எடுத்துக்கிட்டு விளக்கை அணைச்சுடும். சின்ன விஷயம்தான். ஒரு ரேடியோ கொண்டுவந்து வைக்கிறேன், அது பாட்டுக்குப் பேசிட்டிருக்கட்டும்."

லீடாவின் கை தயங்கியது.

"முழுங்காதே. அவன் சொன்னதை அப்படியே சொல்லு."

சொன்னாள். வெர்னாவின் முகம் சிவந்தது.

"நான் இங்கே இருக்கேன்னு ஒரு பெட்டி சாட்சி சொல்லணுமா?"

"நல்ல பாட்டா வைக்கச் சொல்லு வெர்னா," என்று ப்ரூயிட் கைகளை ஆட்டினார். "நமக்கென்ன தொந்தரவு!" உறுப்பினர்கள் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா. வேலை போயிடும்."

"வேலையையும் விடமாட்டேன், மானத்தையும் விடமாட்டேன். அவன்கிட்ட கேளு: இந்த நேரத்துக்கு அறை எங்களுதுன்னு வாக்குக் கொடுத்தது யாரு? அவன் அறைக்குக் குரல் வேணும்னா அவனே உட்கார்ந்து பேசட்டும்."

கோரி விழித்தான். "நானா? என்ன பேசறது?"

"எதையாவது பேசு தம்பி," என்று வெர்னா சைகை செய்ததை லீடா அவனிடம் சொன்னாள். "இங்கே யாரும் கேக்கப்போறதில்லே."

காப்பிக் கோப்பைக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். வேறு வழியில்லாமல் மூலையில் உட்கார்ந்து கோரி வாயைத் திறந்தான். விளக்கு எரிந்தது.

வெர்னா விட்ட இடத்தில் தொடங்கினார். இரண்டு பிள்ளைகள் ஒருவர் முகம் ஒருவர் பார்த்துக் கையால் பேசிக்கொண்டே ஏறும் அகலத்தில் படிக்கட்டு. எதிரே வருகிறவர் தெரியும்படி வளைந்த சுவர்முனைகள். ப்ரூயிட் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

"என்னத்தைப் பேசறான்?" என்று நடுவில் மகளிடம் கேட்டார் வெர்னா.

"வானிலை முடிஞ்சுது. இப்போ மாமியார் கதை."

ப்ரூயிட் பேனாவைத் திறந்து ஒப்புதல் தாளில் கையெழுத்திடக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தொண்டை வறண்டு கோரி நிறுத்தினான். யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் பார்க்கவில்லை. விளக்கு மங்கத் தொடங்கியது.

வெர்னா அவன் பக்கம் திரும்பாமலே மேசையை ஓங்கித் தட்டினார்.

அவன் மறுபடியும் பேசத் தொடங்கினான்.