வழுக்கல் நின்ற ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் லத்தீப் பசறை பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையால் ஏறி வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிஸ்பென்சர் அம்பலவாணரின் குவாட்டர்ஸில்தான் ஆட்டம். நாலே பேர். அம்பலவாணர், அவர் மனைவி லீலாதேவி, தோட்டத் தொழிற்சாலையின் டீமேக்கர் அருளப்பன், பசறையில் இரும்புச்சாமான் கடை வைத்திருந்த லத்தீப். ஆடுவது போக்கர். காசு கிடையாது. "காசு வெச்சா ஹராம். காசில்லாட்டி வெறும் வெளாட்டு" என்று லத்தீப் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே பந்தயத்துக்குப் புளியங்கொட்டை.

எழுபத்துநாலாம் ஆண்டு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை விற்றார்கள். அருளப்பன் அங்கிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில் இருநூறு பிளாஸ்டிக் காய்கள். பந்தயம் கட்டுவதற்கென்றே செய்தவை. புளியங்கொட்டைக்கு இனி வேலையில்லை. யாரும் அதுவரை பெட்டியைத் திறக்கவே இல்லை போலிருந்தது.

பார்க்க அழகுதான். ஆனால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கின. பத்துக் காய்களை அடுக்கினால் ஆறாவது நழுவும். யாராவது மேசையில் முழங்கையை வைத்தால் நாலு பேருடைய அடுக்கும் சரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும்.

"இது யாருதுங்க, என்னோட நீலமா ஒங்களோட நீலமா?" என்று அருளப்பன் தலையைச் சொறிவான்.

லீலாதேவி காய்களை சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தாள். வழுக்கல் கொஞ்சம் குறைந்தது. மேசையில் பழைய கம்பளி விரித்தார்கள். இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அம்பலவாணரின் அடுக்கு மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகச் சரிந்தது. அவர் காய்களைத் திட்டினார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து திட்டினார்கள். திட்டுவதற்குக் காய் இருந்தது அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை.

வலது கைப் பெருவிரல் மாசி மாதமே பலம் குறையத் தொடங்கியிருந்தது. முதலில் மருந்துப் போத்தல்களின் மூடி திறக்கவில்லை. குளிர் என்று நினைத்தார். பிறகு ஊசி போடும்போது குழாயின் தண்டை அமுக்க முடியவில்லை. ஒருநாள் காய்ச்சலோடு வந்த குழந்தையின் தொடையில் ஊசி பாதியில் நின்றுவிட்டது. குழந்தை வீரிட்டது. பக்கத்தில் நின்ற மருத்துவமாது பாக்கியலெட்சுமி கையை நீட்டி, மீதியைத் தானே அமுக்கினாள். அன்றிலிருந்து, "பாக்கியம், நீரே போடும். எனக்கு எழுத்து வேலை கிடக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். எழுத்தும் கோணலாகிக்கொண்டிருந்தது.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. முழங்கைக்கு மேலே தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் ஒரு துடிப்பு. வலி மட்டும் இல்லை. வலி இருந்திருந்தால், இது வேறு ஏதோ வருத்தமென்று சந்தோஷப்பட்டிருப்பார். படிக்கிற காலத்தில் கொழும்பில் வாங்கிய தடித்த வைத்தியப் புத்தகம் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. அதன் நரம்பு நோய்ப் பகுதியில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தெரியும். பார்த்தார். மூடி வைத்தார். மறுநாளும் பார்த்தார். அங்கே எழுதியிருந்தது மாறியிருக்கவில்லை.

வீட்டில், சட்டைப் பொத்தான் துளைகள் இறுக்கம் என்று சொன்னார். லீலாதேவி ஏழு சட்டைகளின் துளைகளையும் பிளேடால் வெட்டிப் பெரிதாக்கி ஓரம் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் அவர் அறைக்குள் நெடுநேரம் நின்றார். அவள் கதவைத் தட்டவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு லத்தீப் வழக்கத்தைவிட முந்திய பஸ்ஸில் வந்தார். கையில் காய்ப் பெட்டி. போன வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனதுதான்.

"டொக்டர், இண்டைக்குப் பாருங்கொ. கடைல ஆள் இல்லாத நேரமெல்லாம் ஒக்காந்து, மணற்தாளால ஒன்னொன்னா தேச்சன். ரெண்டு பக்கமும். இருநூறும்." அவருடைய விரல் நுனிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன. "இனிமே வழுக்கினா என்ட பேரை மாத்துங்கொ."

அருளப்பன் இருபது காயை ஒரே அடுக்காக வைத்தான். மேசையை ஆட்டிப் பார்த்தான். அடுக்கு அசையவில்லை.

"அட, செவரு மாதிரில்ல நிக்குது!"

லீலாதேவியும் அடுக்கினாள். அவளுடையதும் நின்றது. லத்தீப் தம் பங்கை அடுக்கவே இல்லை. அம்பலவாணரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரிசு கொடுத்தவர், வாங்கியவர் அதைப் பிரிப்பதைப் பார்ப்பதுபோல.

அம்பலவாணர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "முதலில சீட்டைப் போடுங்கோவன்" என்றார்.

"இல்ல டொக்டர், நீங்க ஒருக்கா வெச்சிப் பாருங்கொ. ஒங்கட தானே கூட விழுந்த."

வேறு வழியில்லாமல் அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைப் பிடிக்கும்போதே அது விரலிடுக்கால் விழுந்தது. குனிந்து எடுக்கப்போய், புறங்கை பட்டு மற்ற மூன்றும் சரிந்தன. ஒன்று மேசையிலிருந்து உருண்டு சிமெந்துத் தரையில் வெகுதூரம் ஓடியது. அது சுற்றிச் சுற்றி விழுந்து அடங்கும்வரை நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னங் கொஞ்சம் தேய்க்கணும் போலங்க" என்றான் அருளப்பன். சொன்ன பிறகு தன் அடுக்கைத் தானே கலைத்துவிட்டான்.

லத்தீப் எழுந்து போய்க் காயை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு பக்கம் விட்டுப் போச்சி போல" என்றார். இரண்டு பக்கமும் சொரசொரவென்றுதான் இருந்தது.

"காய் வழுக்கேல்லை லத்தீப்" என்றார் அம்பலவாணர். "என்ர கைதான்."

கையை மேசைமேல் வைத்து விரித்துக் காட்டினார். அந்தப் பள்ளத்தை எல்லோரும் பார்த்தார்கள். லீலாதேவி மட்டும் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே எத்தனையோ இரவு, அவர் தூங்கியபின் பார்த்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் பதுளைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார், நாக்கை நெடுநேரம் பார்த்தார். கொழும்புக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

"கொழும்பில என்ன செய்வினம்?" என்று அம்பலவாணர் கேட்டார்.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், பூட்டினார். "நீங்கள் இந்த வேலையில இருக்கிறவர். உங்களுக்கு நான் பொய் சொல்லேலாது."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசம். சில பேருக்கு மூண்டு."

லீலாதேவி இன்னொரு டாக்டரைக் காட்டலாம் என்றாள், நாட்டு வைத்தியம் செய்யலாம் என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயிருந்த கடையில் அவருக்குத் தேத்தண்ணி வாங்கி, கோப்பையின் பிடிக்குள் அவர் விரலை அவளே நுழைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் "சரி" என்றார். அவர் சம்மதிப்பதுதான் அவளை அழவைத்தது.

ஐப்பசி முடிய வேலையை விட்டார். குவாட்டர்ஸை மார்கழிக்குள் காலி செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் லீலாதேவியின் தமையன் வீட்டில் ஓர் அறை இருந்தது. அதுவரைக்கும் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று அம்பலவாணர்தான் கேட்டுக்கொண்டார்.

லத்தீப் மரப்பலகையில் மரம் அறுக்கும் வாளை ஓட்டி ஆழமாகக் கீறல் போட்டுக் கொண்டுவந்தார். சீட்டுகளை அதில் சொருகி நிறுத்தினால் கையில் பிடிக்க வேண்டியதில்லை. "அஞ்சு சிவப்பு" என்று அம்பலவாணர் வாயால் சொன்னால் லீலாதேவி காயை நடுவுக்குத் தள்ளுவாள். அவளால் இரண்டு பேருடைய சீட்டையும் பார்த்துக்கொண்டு ஆட முடியாது. ஆகவே அவள் ஆட்டத்திலிருந்து விலகி அவருக்குக் கையாக உட்கார்ந்தாள். மூன்று பேர் ஆடினார்கள்.

கார்த்திகையில், வெளியே இடி இடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், அம்பலவாணருக்கு ஒன்றுமே இல்லாத சீட்டு வந்தது. ஒரு ஜோடிகூட இல்லை. சும்மா துணிந்து, "பத்து நீலம்" என்றார். சொல் கொஞ்சம் குழறியது. அருளப்பன் உடனே சீட்டைக் கவிழ்த்து விலகினான். லத்தீப் யோசித்தார்.

லத்தீப்புக்கு நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். பத்து வருடமாக அம்பலவாணர் அதைப் பார்த்துத்தான் அவரிடம் தப்பித்து வந்திருக்கிறார். இப்போது இரண்டு காதும் சிவந்திருந்தன.

"எனக்கு ஏலா டொக்டர். நீங்கதான் வென்ட" என்று லத்தீப் சீட்டைக் கவிழ்த்தார்.

"காட்டும்."

"கவுத்த சீட்டைக் காட்டுறதில்லையே."

"லத்தீப், காட்டும்."

லத்தீப் அவற்றைக் கட்டுக்குள் சொருகி, பரபரவென்று கலைக்கத் தொடங்கினார். அருளப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தான். லீலாதேவி நடுவிலிருந்த காய்களையெல்லாம் வாரி இழுத்து, அம்பலவாணருக்கு முன்னால் நிறம் பார்த்து அடுக்கினாள். மூன்று உயரமான அடுக்குகள். ஒன்றும் சரியவில்லை.

இனி இவர்கள் யாரும் தன்னைத் தோற்கவிட மாட்டார்கள் என்று அவருக்கு விளங்கியது. கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

"மழை பிடிக்கப் போகுது" என்றார். "அஞ்சரை பஸ்ஸை விட்டால் கஷ்டம். நீர் வெளிக்கிடும்."

"இன்னம் ஒரு கை வெளாடலாம் டொக்டர்."

"இவ்வளவும் காணும் லத்தீப்."

லத்தீப் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்து, மேசைமேல் கிடந்த அம்பலவாணரின் வலது கையைத் தம் இரண்டு கைகளாலும் பிடித்தார். அம்பலவாணர் பதிலுக்கு அமுக்க முயன்றார். லத்தீப்புக்கு அது தெரிந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.