கொசு அடிக்கும் வேலை

"அடையாள அட்டை அந்த டிராயர்லதான் இருக்கும் அண்ணி, நல்லாப் பாருங்க" என்று கொழுந்தனார் நான்காவது முறையாகச் சொன்னபோது அவள் கை முழங்கை வரை டிராயருக்குள் இருந்தது.

"பாத்துட்டுத்தானே இருக்கேன் தம்பி."

"பாத்துட்டு இருக்கீங்க, கிடைக்கலியே."

திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூடத்துப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

கூடத்தில் அவள் கணவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுக் காலை பல் துலக்கப் போனவர் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று நான்கு மணிக்கு மின்மயானத்தில் நேரம் கிடைத்திருக்கிறது, மூன்றரைக்கு வண்டி வரும். அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். செத்தும் தன்னை இன்னார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது இந்த மனிதருக்கு.

டிராயரில் தீர்ந்துபோன பேட்டரிகள், எதற்கென்றே தெரியாத சாவிகள், உயிர் போன மூன்று கணினி மவுஸ்கள். வானத்திலிருந்து வரும் தரவில் ஒரு தூசியைக்கூட விட்டுவைக்காதவர், வீட்டிலிருந்து ஒரு குப்பையைக்கூட வெளியே போட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கைப்பேசி அடித்தது. கணவரின் மேலாளர்.

"மேடம், இந்த நேரத்துல கேக்கவே கூடாது..."

"கேளுங்க."

"சாரோட வேலையில தொண்ணூத்தாறு கோட்டுல மூணு இன்னும் வரல. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒப்படைக்கணும். இல்லன்னா மொத்தத்தையும் தானியங்கியில போட்டுடுவாங்க. சார் முடிச்சு வச்சுட்டு அனுப்ப மட்டும் மறந்திருந்தார்னா..."

"மொத்தத்தையுமா? செஞ்சு குடுத்ததையும் சேர்த்தா?"

"பாதி கையால, பாதி தானியங்கின்னு வாங்க மாட்டாங்க மேடம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

விண்ணில் சுற்றும் தொலைநோக்கி ஒன்றில் தொண்ணூற்றாறு உணர்கருவிகள். ஒவ்வொன்றும் தான் பார்த்த வானத்தை ஒரு நீளக் கோடாக எழுதி அனுப்பும். எங்கிருந்தோ பாய்ந்து வரும் துகள்கள் கருவியில் மோதும்போதெல்லாம் கோடு வீணாக ஒரு துள்ளு துள்ளும். திரையில் கோட்டை விரித்து, அந்தத் துள்ளலை மவுஸால் வளைத்து, ஒரு பொத்தானைத் தட்டினால் அது மறைந்துவிடும். அவர் அதற்கு வைத்த பெயர் கொசு. என்ன வேலை என்று யார் கேட்டாலும் கொசு அடிக்கிறேன் என்பார். தானியங்கி நிரலும் அடிக்கும். ஆனால் மங்கலான நட்சத்திரங்களையும் கொசுவோடு சேர்த்து அடித்துவிடும். அதனால்தான் இன்னும் ஆளை வைத்துச் செய்கிறார்கள்.

"பாக்குறேன்" என்றாள்.

"எட்டு மாசமா சார் செஞ்சதைச் சோதிச்சோம் மேடம். ஒரு நட்சத்திரம்கூட விட்டுப்போகல. முன்னெல்லாம்கூட ஒண்ணு ரெண்டு தப்பு வரும். சும்மாவா பூதக்கண்ணாடின்னு பேர் வச்சோம் அவருக்கு!"

அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எட்டு மாதமாக மவுஸைப் பிடித்தது அவள் கை. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்பதால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கை நடுங்குகிறது, நீ கொஞ்சம் பிடியேன் என்றார், பிடித்தாள். மருத்துவமனையில் இருபத்தேழு வருஷம் ஈசிஜி எடுத்து ஓய்வு பெற்றவள். எது இதயம் துடித்தது, எது நோயாளி இருமியது என்று கோட்டைப் பார்த்தே சொல்லக்கூடியவள். இது அவளுக்கு ஒரு வேலையா?

ஆனால் அவருடைய சட்டம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் பார்க்காமல் ஒரு கொசுவையும் அடிக்கக் கூடாது. அவள் வளைப்பாள். பக்கத்து நாற்காலியில் தேநீரோடு சாய்ந்திருப்பவர் 'ம்' என்பார். அதற்குப் பிறகுதான் பொத்தான். சில சமயம் 'ம்' வராது. "பக்கத்துக் கோட்டுல இருக்கா பாரு" என்பார். நட்சத்திரமென்றால் தொலைநோக்கி நகர நகர அடுத்தடுத்த கருவிகளிலும் வரிசையாகத் தெரியும். கொசு ஒன்றில்தான் கடிக்கும், அதுவும் சட்டென்று துள்ளும். "மெதுவா ஏறுதா, சட்டுனு ஏறுதா?" என்றும் கேட்பார்.

"எதிர்லதானே இருக்கு. கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

"நீதான் சொல்லேன்."

சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வாள். எரிந்து விழுவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எரிந்து விழுந்திருப்பாள்.

டிராயரின் அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அட்டை அதற்குள்தான் இருந்தது. கூடவே மடித்த ஒரு காகிதம். கண் மருத்துவமனையின் அறிக்கை, ஒன்பது மாதத்துக்கு முந்தைய தேதி. மருத்துவமனைக் காகிதம் படித்துப் பழகியவள் என்பதால் ஒரே மூச்சில் புரிந்தது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் நிழலாகத் தெரியலாம். படிக்கவோ, திரையைப் பார்க்கவோ முடியாது. திரும்பவும் வராது.

இன்னொரு தடவை படித்தாள். தேதியை மட்டும் மூன்றாவது தடவை.

"கள்ளன்" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது.

நினைத்துப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரேதான் நடந்திருக்கிறது. செய்தித்தாளில் என்ன இருக்கிறது, எல்லாம் பொய் என்று நிறுத்திக்கொண்டார். தேநீரை ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அசிங்கம் பிடித்த பழக்கம் என்று அதற்கும் திட்டினாள். பூதக்கண்ணாடிக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ என்று பயந்திருப்பார். சரி, அவர்களிடம் மறைக்கட்டும். பெண்டாட்டியிடமுமா? கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் தட்டி எழுப்பிக் கேட்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படியானால் தொண்ணூற்று மூன்று கோடுகளையும் பார்த்தது ஒரே ஒரு ஜோடிக் கண். அவர் 'ம்' என்ற ஒவ்வொரு தடவையும் அங்கே பார்த்தது அவள் மட்டும்தான். தானியங்கியில் போட்டால் அவள் பார்த்து விட்டுவைத்த மங்கல் நட்சத்திரங்கள் அத்தனையும் அழிந்துபோகும்.

"கிடைச்சுதா அண்ணி?"

அட்டையை நீட்டினாள். "இந்தாங்க. எனக்கு அரை மணி நேரம் வேணும். கதவைச் சாத்திக்கிறேன்."

"வந்தவங்க கேப்பாங்களே."

"தூங்குறேன்னு சொல்லுங்க."

"இந்த நேரத்துல யாராவது தூங்குவாங்களா?"

"அப்ப அழுறேன்னு சொல்லுங்க."

கொழுந்தனார் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கணினியைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியின் முதுகில் அவருடைய துண்டு கிடந்தது. நேற்று முன்தினம் சிந்திய தேநீர்க் கறை கைப்பிடியில் அப்படியே இருந்தது. துடைக்கலாமா என்று நினைத்து, துடைக்காமல் உட்கார்ந்தாள்.

தொண்ணூற்று நான்காவது கோட்டில் பதினொரு கொசுக்கள். எல்லாமே கொழுத்தவை, சந்தேகமே இல்லை. அப்படியும் ஒவ்வொன்றையும் வளைத்த பிறகு விரல் நின்றது. நின்று, எதையோ எதிர்பார்த்து, பிறகுதான் தட்டியது. எட்டு மாதப் பழக்கம். "சனியன் பிடிச்ச பழக்கம்" என்று விரலைத் திட்டினாள். தொண்ணூற்று ஐந்தில் ஆறு. வெளியே யாரோ பெரிதாக அழுதுகொண்டே வந்து, உள்ளே நுழைந்ததும் அவள் எங்கே என்று சாதாரணக் குரலில் விசாரித்தார்கள்.

தொண்ணூற்று ஆறு கடைசி. நான்கைச் சுலபமாக எடுத்தாள். ஐந்தாவது சின்னது. தலை கொஞ்சம் உருண்டையாக, நட்சத்திரம் என்றாலும் நம்பும்படி இருந்தது. வளைத்தாள். விரலைப் பொத்தானின் மேல் வைத்தாள்.

வண்டி பின்னால் நகர்ந்து வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, தூக்கப்போறாங்க. நீங்க வந்தாத்தான்..."

"வரேன். ஒரு நிமிஷம்."

பக்கத்துக் கோடுகளை விரித்துப் பார்த்தாள். அதே இடத்தைப் பெரிதாக்கினாள்.

"பக்கத்துல இல்ல" என்றாள் நாற்காலியைப் பார்த்து. "அதுக்கு முந்தினதுலயும் இல்ல. சட்டுனுதான் ஏறியிருக்கு."

கூடத்தில் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். பேச்சுக்குரல்கள் நின்றன. அவள் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

"ம்" என்று அவளே சொல்லி, தட்டினாள்.