எட்டு வருஷத் திட்டு

சூடான எண்ணெயை வாடிக்கையாளரின் முதுகில் ஊற்றுவதுதான் மசாஜ்காரனின் தொழில். அவருடைய சட்டையில் ஊற்றுவது அல்ல. ஆனால் துண்டை விலக்கியதும், இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் செதில் செதிலாகச் சிவந்திருந்த திட்டைப் பார்த்து, நம்மாள் பாம்பை மிதித்தவன் போல் பின்னால் துள்ளினான். முழங்கை இடித்து, எண்ணெய்க் கிண்ணம் நாற்காலியில் மடித்து வைத்திருந்த சட்டைமேல் கவிழ்ந்தது.

குப்புறப் படுத்திருந்த ரயில் டிக்கெட் பரிசோதகர் எழுந்து உட்கார்ந்தார். துள்ளலின் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் கிளம்பறேன் தம்பி."

"எதைப் போட்டுக்கிட்டு சார்?"

சட்டையைப் பிழிந்தால் இன்னும் இரண்டு பேருக்கு மசாஜ் செய்யலாம். நம்மாள் அதைச் சோப்புப் போட்டு அலசி, மின்விசிறிக்கு நேரே காயப்போட்டான்.

"முதுகுல அது என்ன சார்?"

"வேர்க்குரு."

"இந்தக் குளிர்லயா?"

"அப்ப பூச்சி கடிச்சிருக்கும்."

"பூச்சியா, பெருச்சாளியா?"

நாளெல்லாம் அடுத்தவர் சாக்குப்போக்குகளைப் பிடிக்கிறவர், இன்று தானே டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் போல் தரையைப் பார்த்தார். ஓடும் ரயிலில் நின்று நின்று அவர் தோள் கட்டையாய் இறுகியிருந்தது. அனுப்ப மனசு வரவில்லை. அது என்னவென்று தெரியாமல் தொடவும் முடியாது. ஒட்டுகிற படையாக இருந்தால் இவன் கை வழியே அடுத்தவர் முதுகுக்கும் போகும். பார்த்த மாத்திரத்தில் சொல்ல இவன் டாக்டரும் இல்லை.

"சார், போன வருஷம் ஒருத்தர் 'சும்மா அரிப்பு'ன்னார். நம்பித் தேய்ச்சேன். படர்தாமரை! எனக்கு வந்துச்சு, வீட்டுக்காரிக்கு வந்துச்சு, மாமியாரையும் விடல. ஒரு மாசம் மூணு பேரும் ஆளுக்கொரு கதவு நிலையில முதுகைத் தேய்ச்சுக்கிட்டு நின்னோம். அந்தப் பயத்துலதான் துள்ளினேன். உங்களைப் பார்த்து அருவருப்புல இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "உண்மையைச் சொன்னா அனுப்பிடுவீங்களா?"

"ஒட்டும்னா, ஆறினதும் வாங்கன்னு அனுப்புவேன். ஒட்டாதுன்னா இப்பவே படுங்க. புண்ணு இருந்தா அந்த இடத்தை மட்டும் விட்டுடுவேன்."

மின்விசிறி சட்டையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"சொரியாசிஸ்" என்றார். "எட்டு வருஷமா இருக்கு. ஒட்டாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்கார். இப்ப வெடிப்பு, ரத்தம் எதுவும் இல்ல. இதைச் சொன்ன இடத்துல எல்லாம் கட்டில் காலி இல்லைன்னுட்டாங்க. அதான் மறைச்சேன். யாரும் தொட்டு ரொம்ப நாளாச்சு தம்பி."