தலையசைப்பைப் பார்த்து ஆடியவர்

முருகேசுவின் கழுத்துக்கு முப்பத்தெட்டு வருட ஜெர்மனி போதவில்லை. நாக்கு பழகிவிட்டது, வயிறும் ஒருவழியாகப் பழகிவிட்டது. கழுத்து மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது. சரி என்று சொல்ல நினைத்தால் அவன் தலை மேலும் கீழும் போகாது. இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகச் சாய்ந்து ஆடும். இதற்காகவே மகள் துஷானி டொக்டரிடம் கூடவே வருவாள்.

“அப்பா, தலையை ஆட்டாதேங்கோ. நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுறியள் எண்டு அதுகள் நினைக்குதுகள். வாயைத் திறந்து யா எண்டு சொல்லுங்கோ.”

“ஓம், ஓம்,” என்பான் முருகேசு, தலையை ஆட்டிக்கொண்டே.

இப்படிப்பட்ட கழுத்தை நம்பி ஒரு கிராண்ட்மாஸ்டர் தன் உயிரை ஒப்படைத்தார். நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அவர் பெயர் ஆவ்ரெல் ப்ரெடியான். ருமேனியாக்காரர், எழுபத்திரண்டு வயது. இருபத்தாறு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். பெரிய பெரிய ஆட்களை மண் கவ்வ வைத்திருக்கிறார், ஆனால் உலகப் பட்டத்தின் வாசல்வரைகூடப் போனதில்லை. தொண்ணூறாம் ஆண்டு மனைவி வியோரிகாவோடும் இரண்டு பெட்டிகளோடும் டோர்ட்மண்டில் வந்து இறங்கினார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சதுரங்கக் கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். கடைசி மூன்று வருடம் ஆடியது முருகேசு அணித்தலைவனாக இருந்த கழகத்துக்கு. முருகேசு ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவி நீராவியில் போட்டு எடுப்பது அவன் வேலை. கழகத்தில் படிவம் நிரப்ப வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் தலைவன் ஆனான்.

ப்ரெடியானின் ஆட்டத்தில் வெட்டுக்குத்து கிடையாது. இருபதாவது நகர்த்தலுக்குள் தன் கோட்டையைக் கொடுத்து எதிராளியின் பிஷப்பை வாங்குவார். பார்க்கிறவர்களுக்கு அது சுத்த நட்டம். ருமேனிய மொழியில் பிஷப்புக்குப் பெயர் பைத்தியம். “ஒரு பைத்தியத்துக்காகக் கோட்டையைக் கொடுத்துவிட்டேன்,” என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு ஒன்றுமே செய்யமாட்டார். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்துவார், திரும்பக் கொண்டுவந்து வைப்பார். எதிராளிக்கு மூச்சு முட்டத் தொடங்கும். எழுபது எண்பது நகர்த்தலில் அவனாகவே எங்காவது ஒரு காலாளைப் பறிகொடுப்பான், அதோடு முடிந்தது. முருகேசு அந்த ஆட்டங்களை வீட்டுப் பலகையில் வைத்துத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்ப்பான். சாமிப் படத்துக்கு முன்னால்கூட அவன் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

அந்த மனிதருக்குத் தெரியாத ஒன்று, எப்போது நிறுத்துவது என்பது. ஒருநாள் ஆட்டம் முடிந்து ரயிலில் வரும்போது, அவித்த முட்டையை உரித்தபடி அவரே அதைச் சொன்னார். இருவருக்கும் இடையில் ஜெர்மன்தான்.

“எங்கள் காலத்தில் முதல் வரிசையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பான். எதிராளி ரெமி கேட்டால் நான் அவன் தலையைப் பார்க்க வேண்டும்.” சமநிலையை இங்கே ரெமி என்பார்கள். “தலை மேலும் கீழும் போனால் எடுத்துக்கொள். பக்கவாட்டில் போனால் ஆடு. ஒருமுறை நான் வென்றுகொண்டிருந்தேன். அவன் தலை மேலும் கீழும் போனது. எடுத்துக்கொண்டேன்.”

“வென்றுகொண்டிருந்த ஆட்டத்தையா? ஏன்?”

“என் கடவுச்சீட்டு அவன் மேசைக்குள் இருந்தது.” முட்டையில் உப்பைத் தொட்டுக்கொண்டார். “இப்போது அவன் இல்லை, முருகேசு. ஆனாலும் நானாக நிறுத்த எனக்கு வரவில்லை. இன்னும் யாருடைய தலையையாவது தேடுகிறேன்.”

போன மார்ச்சில், அந்த வருடப் போட்டிகளின் கடைசிச் சுற்றுக்கு மூன்று நாள் முன்பு, வியோரிகா தொலைபேசியில் அழைத்தாள். ஆவ்ரெலுக்குத் தலைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. அடுத்த மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது. அதுவரை நீண்ட ஆட்டம் கூடாது என்று டொக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ஆடாதே என்றால் அவர் கேட்கமாட்டார்.

“நீங்கள் சொன்னால் நிறுத்துவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எதிராளி ரெமி கேட்டதும் எடுக்கச் சொல்லுங்கள். சொல்வீர்களா?”

தொலைபேசிக்குத் தலையாட்ட முடியாது. “யா,” என்றான் முருகேசு, வாயால்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அணிக்கு எட்டுப் பேர். மூன்று மணிக்கு ஏழு பலகைகள் முடிந்து, புள்ளிகள் மூன்றரைக்கு மூன்றரை என்று நின்றன. மிச்சம் ப்ரெடியானின் பலகை ஒன்றுதான். அவர் வென்றால் கழகம் தப்பும். சமநிலை என்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். முப்பது வருடமாக அந்தக் கழகம் அந்தப் பிரிவில் இருந்தது.

கோட்டையைக் கொடுத்தாயிற்று, பைத்தியத்தை வாங்கியாயிற்று. ராஜா ஒரு கட்டம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த இளைஞன் வேர்வையைத் துடைத்துவிட்டு மெல்லக் கேட்டான்.

“ரெமி?”

ப்ரெடியான் பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். முருகேசுவைத் தேடினார்.

ஏற்றுக்கொள், வேண்டாம் என்று சொல்ல அணித்தலைவனுக்கு உரிமை உண்டு. மற்ற நாட்களில் முருகேசு கிட்டப் போய்க் காதோடு சொல்வான். அன்று மேசையைச் சுற்றி இரண்டு வரிசை ஆட்கள் நின்றார்கள். நெருங்க முடியவில்லை. முப்பது வருடக் கழகம் கண்முன் வந்தது. வியோரிகாவின் குரலும் வந்தது. நெஞ்சு கனத்துப்போய், தொலையட்டும் கழகம் என்றுதான் அவன் முடிவு செய்தான். அந்த நேரத்தில் அவன் நல்லவனாகவே இருந்தான், அதை நான் மறைக்கமாட்டேன். ஓம், எடுங்கோ என்று மனதுக்குள் சொன்னான். தலை அதைத் தன் வழக்கப்படி சொன்னது, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

ப்ரெடியான் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு பலகைக்குத் திரும்பி, ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார்.

அணியில் எட்டாம் பலகை ஆடும் நிருஜன், இங்கேயே பிறந்து ஆஹென் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், பக்கத்தில் வந்தான்.

“அண்ணை, ரெமி எடுக்கச் சொல்லேல்லையே?”

“சொன்னனான். மனுசன் கேக்கேல்லை. விளையாடுறார்.”

அப்படிச் சொல்லும்போதே முருகேசுவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தன் கடமையைச் செய்தாயிற்று. கிழவர் தானாக ஆடுகிறார், தான் என்ன செய்ய? அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் கோபம்.

ஒரு மணி நேரம் போனது. ப்ரெடியான் இடது கையை மேசைக்குக் கீழே பிசைந்துகொண்டிருந்தார். நிருஜன் மறுபடி வந்தான்.

“அண்ணை, அவற்ற முகத்தைப் பாருங்கோ. வெள்ளையாய்ப் போச்சு. போய் ரெமி கேக்கச் சொல்லுங்கோவன். நீங்கள் சொல்லலாம்தானே.”

“இப்ப ஏலாது. காலாள் ஒண்டு விழப்போகுது. குழப்பக் கூடாது.”

கைத்தொலைபேசி அதிர்ந்தது. வியோரிகா எழுதியிருந்தாள். “முடிந்துவிட்டதா?” முருகேசு மண்டபத்துக்கு வெளியே போய், “இன்னும் கொஞ்சம். நன்றாக இருக்கிறார்,” என்று பதில் எழுதினான்.

ஐந்து மணிக்குக் காலாள் விழுந்தது. தொண்ணூற்றிரண்டாவது நகர்த்தலில் இளைஞன் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினான். ஆட்கள் கைதட்டினார்கள். ப்ரெடியான் தாளில் கையெழுத்துப் போட்டார், எழுந்தார், மேலங்கியை எடுத்தார். வலது கை உள்ளே போனது. இடது கைக்குரிய சட்டைக்கையை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் தேடினார், மூன்றாம் தரம் தேடும்போது சரிந்து விழுந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு மறுநாள், அவர் மண்டபத்தில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முருகேசு வியோரிகாவின் வீட்டுக்குப் போனான். அவள் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். கண்ணாடியை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டாள்.

“திங்கட்கிழமை அவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது,” என்றாள் கடைசியில். “முருகேசு பக்கவாட்டில் தலையை ஆட்டினான், அதனால் ஆடினேன் என்றார். நினைவு தடுமாறிப் பேசுகிறார் என்று நினைத்தேன். எடுக்கச் சொன்னீர்கள்தானே? எனக்கு அதுமட்டும் தெரிந்தால் போதும்.”

ஓம் என்று சொல்லத்தான் முருகேசு நினைத்தான். தலை முந்திக்கொண்டது. இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக அது ஆடுவதை, ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அவனே உணர்ந்தான். வியோரிகாவின் முகம் மாறியதையும் கண்டான்.

“இல்லையா?” என்றாள் அவள். “நீங்கள் சொல்லவில்லையா?”

“யா. யா. சொன்னேன்.” என்றான் முருகேசு. “எங்கள் ஆட்களுக்கு இதுதான் ஆம். இப்படி ஆட்டினால் ஆம். எடுங்கள் என்றுதான் சொன்னேன், வியோரிகா. கடவுள்மேல் ஆணை. அவர் அதை…”

அவன் அழுதான்.

வியோரிகா அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் தலையைப் பார்த்து ஆடிய புருஷனை அவளுக்குத் தெரியும். மேசைக்கு மேலால் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள்.

“உங்கள்மேல் பிழையில்லை,” என்றாள். “யாருக்குத் தெரியும் இது.”

முருகேசு மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவள் கை அவன் கைமேலேயே இருந்தது. எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள், தன் கைத்தொலைபேசியை எடுத்து, அவன் அன்று எழுதிய பதிலைப் படித்தாள். ஒரு தரம் படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள்.

“ரெமி கேட்டது எத்தனை மணிக்கு?”

“மூன்று மணிக்கு.”

“ஐந்து மணிவரை ஆடினார்.” கையை எடுத்துக்கொண்டாள். “அவர் நிறுத்தவில்லை என்று கண்டீர்கள். எழுந்து போய், வாயால் ஒருதரம் சொல்ல இரண்டு மணி நேரம் இருந்தது. ஏன் சொல்லவில்லை?”

முருகேசுவின் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.